குளிர் அறியாத ஊரில் குளிர் தாங்கும் கரும்பு

பஞ்சாபிலும் ஹரியானாவிலும் கங்கைச் சமவெளியிலும், தை மாதத்து உறைபனியில் தோகை கருகினாலும் வேர்க்கட்டை சாகாமல் நின்று, மாசி பிறந்ததும் மறுபடி துளிர்க்கிற கரும்புச் சாதிகளுள் பெரும்பாலானவை, கம்பளிக்கு அதிகம் வேலையில்லாத கோயம்புத்தூரில் கருக்கொண்டவை என்று நான் சொல்லும்போது, கேட்பவர்கள் அதை ஊர்ப்பெருமை என்றே எடுத்துக்கொள்கிறார்கள். பெருமைக்கு இதில் இடமில்லை. காரணம் முழுவதும் பூவைப் பற்றியது. வடக்கே கரும்பு அரிதாகத்தான் பூக்கும்; பூத்தாலும் அதற்குள் குளிர் வந்துவிடுவதால் மகரந்தம் ஜீவனற்றுப் போகும், விதை பிடிக்காது. கோயம்புத்தூரிலோ ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பகலின் நீளமும் இரவின் உஷ்ணமும் காற்றின் ஈரமும் ஒத்துவருவதால், பல தேசங்களிலிருந்து வந்து சேர்ந்த கரும்புகளும் அங்கே பூத்து விதைக்கின்றன. ஆகவே கலப்பு தெற்கே, சோதனை வடக்கே. குளிரையே காணாதவர்கள் குளிருக்கு வேண்டிய பயிரை உண்டாக்கி, ஈராயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் அனுப்பிவைத்துவிட்டு, அங்கிருந்து வரும் தீர்ப்புக்காகக் காத்திருக்கிற இந்த விசித்திரமான ஏற்பாட்டில்தான் என் உத்தியோக காலம் முழுவதும் கழிந்தது.

ஓய்வு பெற்றபின் மகனோடு ஈக்காட்டுத்தாங்கலில் வந்து குடியேறியிருக்கிறேன். கிண்டித் தொழிற்பேட்டைக்கும் மெட்ரோ ரயில் பாதைக்கும் நடுவே வசிக்கிற ஒரு மனிதன் கரும்பைப் பற்றிப் பேசுவது அக்கம்பக்கத்தாருக்கு வேடிக்கையாக இருக்கிறது. ஆனால் இந்த வட்டாரத்துக்கும் என் தொழிலுக்கும் பழைய சம்பந்தம் ஒன்று உண்டு. அடையாற்றங்கரையில், இங்கிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிற சைதாப்பேட்டையில் 1868-ல் சர்க்கார் தொடங்கிய விவசாயப் பள்ளிதான், 1906-ல் கோயம்புத்தூருக்கு இடம் மாறி, காலக்கிரமத்தில் கல்லூரியாகவும் பல்கலைக்கழகமாகவும் வளர்ந்தது. அந்தக் கல்லூரி அங்கே வேரூன்றிய பின்னர்தான், அதை ஒட்டினாற்போல், 1912-ல் கரும்பு இனப்பெருக்க நிலையமும் ஏற்பட்டது.

அந்த நிலையம் ஏற்பட்ட சந்தர்ப்பத்தை இன்றைய வாசகர்களுக்குச் சற்று விளக்க வேண்டும். ஜாவாவிலிருந்து மலிவான வெள்ளைச் சர்க்கரை கப்பல் கப்பலாக வந்து இறங்கிக்கொண்டிருந்த காலம் அது. வடநாட்டு விவசாயி பயிரிட்ட கத்தா, சுன்னி, சரேதா முதலிய கரும்புகள் விரல் பருமனே உள்ளவை. பனியைத் தாங்கும், வெள்ளத்தைத் தாங்கும், ஆனால் எடை தராது. தென்னாட்டிலும் தீவுகளிலும் விளைந்த பருத்த மென்கரும்புகளை அங்கே கொண்டுபோய் நட்டால், முதல் குளிர்காலத்திலேயே முடிந்துவிடும். மதராஸ் மாகாணத்தின் தாவரவியலாளராக இருந்து, கோதாவரிப் படுகையில் செவ்வழுகல் நோய் கரும்பை அழித்த காலத்திலேயே இந்தப் பயிரோடு பழகியிருந்த சார்லஸ் ஆல்பிரட் பார்பர் என்ற ஆங்கிலேயரிடம் கோயம்புத்தூர் நிலையம் ஒப்படைக்கப்பட்டது. அவருக்குத் துணையாக வந்து, பின்னர் அவருடைய ஸ்தானத்தையும் ஏற்று, 1942 வரை அந்த வேலையை நடத்தியவர் திருவாடி சாம்பசிவ வெங்கடராமன். கரும்பு நல்ல விதை தரும், அந்த விதையிலிருந்து புதிய செடிகளை எழுப்பலாம் என்ற செய்தியே அப்பொழுது உலகத்துக்கு அதிகப் பழையதல்ல. ஜாவாவிலும் பார்படோஸிலும் 1888-ல்தான் அது ஐயமறத் தெரிந்திருந்தது.

அவர்கள் செய்த கலப்பில் தாய், வெள்ளை என்று நம் நாட்டில் வழங்கிய பருத்த கரும்பு. தகப்பன், கோயம்புத்தூர்ப் பக்கத்து வாய்க்கால் ஓரங்களில் தானாக முளைத்துக் கிடந்த காட்டுப் புல். பேய்க்கரும்பு என்று நம்மவர் அதைச் சொல்வதுண்டு. திருவொற்றியூரில் பட்டினத்தார் கையில் இனித்ததாக ஐதீகம் கூறுகிறதே, அந்தச் சாதி. அவருக்கு இனித்தது சிவகடாட்சத்தினால். எங்களுக்கு அது இனிப்பதற்குப் பல தலைமுறைக் கலப்பு வேண்டியிருந்தது. அந்தக் கலப்பின் சந்ததியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட கோ 205, 1918-ல் பஞ்சாப் விவசாயிகளின் கைக்குப் போய்ச் சேர்ந்து, அவர்கள் அதுவரை நட்டுவந்த கத்தாவைக் காட்டிலும் ஏறக்குறைய 50 சதவீதம் அதிகம் விளைந்தது. கரும்பும் காட்டுப்புல்லும் நேரே கலந்த முதல் தலைமுறையே வயலுக்குப் போய் வெற்றி பெற்றது என்பது எங்கள் தொழிலில் அபூர்வம். அதற்குப் பின்னர் வெங்கடராமன் கையாண்ட வழி வேறு: மென்கரும்பு, வடநாட்டு மெலிந்த கரும்பு, காட்டுப்புல் ஆகிய மூன்றின் இரத்தத்தையும் ஓருடலில் சேர்ப்பது. அதற்கு உதவிய பெற்றோர்களில் ஒன்றான பி.ஓ.ஜே. 213-ன் கதை சுவையானது. ஜாவாவில் ஸேரே என்ற நோய் பரவியபோது, அங்கிருந்த டச்சுக்காரர்கள் நம் வடநாட்டுச் சுன்னியை எடுத்துச் சென்று தங்கள் கரும்போடு கலந்து உண்டாக்கியது அது. அதுவே திரும்பிவந்து கோயம்புத்தூரில் பல சாதிகளுக்குப் பெற்றோராயிற்று. நான் வேலையில் சேர்ந்த காலத்தில், வெங்கடராமனைக் கண்ணால் கண்ட பண்ணைத் தொழிலாளிகள் இரண்டொருவர் இருந்தார்கள். அவரைப் பற்றி அவர்கள் சொன்ன கதைகளை நான் இங்கே எழுதப்போவதில்லை. கதைகள் வாய்க்கு வாய் வளர்கிற இயல்புடையவை.

தொழில் நடக்கிற முறையைப் புஸ்தகங்கள் நாலு வரியில் சொல்லிவிடும். நேரிலே அது கார்த்திகை மாதத்து விடியற்காலையின் வேலை. சூரியன் எழும் வேளையில் பூங்கதிரின் சிறு பூக்கள் விரிகின்றன. மகரந்தப்பை வெடித்துத் தூள் பறக்கிறது. அந்தத் தூளுக்கு ஆயுள் சில நாழிகைதான். வெயில் ஏறினால் அது வெறும் தூசு. தாயாக வைத்துக்கொள்ளும் கரும்பு, தன் மகரந்தத்தினாலேயே விதை பிடித்துவிடாததாக இருக்க வேண்டும். ஆகவே முதல் நாளே அதன் மகரந்தத்தை எடுத்து அயோடின் கரைசலில் போட்டு, கறுப்பதில்லை என்று உறுதி செய்துகொள்வோம். உயிருள்ள மகரந்தம் மாவுச்சத்து நிறைந்து கறுக்கும். மலட்டு மகரந்தம் வெளிறியே நிற்கும். பிறகு தகப்பன் கதிரை அதன் மேலே உயர்த்திக் கட்டி, இரண்டையும் துணிக்கூண்டுக்குள் அடைத்து, காலைதோறும் மெல்லத் தட்டிவிட வேண்டும். ஒரு மாதத்தில் கதிர் பஞ்சாக உதிர ஆரம்பிக்கும். விதை என்று கண்ணுக்குத் தெரிவது ஒன்றுமில்லை, எல்லாம் பஞ்சுதான். மண்ணும் மணலும் மக்கிய குதிரைச்சாணமும் கலந்த தட்டில் அந்தப் பஞ்சைப் பரப்பி ஈரம் காத்தால், ஒரு வாரத்துக்குள் அது புல்லாக முளைக்கும். ஒவ்வொரு முளையும் ஒவ்வொரு சாதி. ஒன்றைப்போல் மற்றொன்று இராது. ஆயிரக்கணக்கில் எழுப்பி, அவற்றில் கடைசிவரை வயலில் நிற்பது ஒன்றோ இரண்டோ என்ற கணக்குக்கு மனம் பழகிவிட்டால்தான் இந்தத் தொழிலில் இருக்க முடியும்.

நாற்றுத் தட்டுகளைப் பார்த்துக்கொண்ட அம்மாள் ஒருவர் எங்கள் பண்ணையில் இருந்தார். பள்ளிக்கூடம் போனவரல்லர். காட்டுப்புல்லோடு கலந்த நாற்றுகள் ஆறு வாரத்துக்கு வளர்ந்தபின், எது தாயைக் கொண்டது, எது தகப்பனைக் கொண்டது என்பதை இலையின் அகலத்தையும் நடுநரம்பையும் பார்த்தே பிரித்து வைத்துவிடுவார். "ஏனுங்க, இதெல்லாம் புல்லுக்குப் பொறந்தது; வளத்துனாலும் நாருதானுங்க" என்று ஒரு தட்டையே அவர் ஒதுக்கியது ஞாபகம் இருக்கிறது. நாங்கள் அவற்றை ஒதுக்கவில்லை, ஏனென்றால் எங்களுக்கு வேண்டியது அந்தப் புல்லின் குணம். ஆனால் ஓராண்டு கழித்துத் தண்டை வெட்டிச் சாற்றின் இனிப்பளவான பிரிக்ஸ் பார்த்தபோது, அந்த அம்மாள் சொன்னபடியே, நாரும் சக்கையுமாகத்தான் இருந்தன.

காட்டுப்புல்லின் குணத்தை எடுத்துக்கொள்வதில் உள்ள சங்கடம் இதுதான். குளிர் தாங்கும் சக்தி தனியாக வருவதில்லை. அதோடு மெலிந்த தண்டு, மிகுந்த நார், குறைந்த சர்க்கரை, பூத்துவிடும் அவசரம், தண்டின் நடுவே விழும் வெற்றுக் குழல் எல்லாம் கூடவே வருகின்றன. இவற்றைக் கழிக்க, பிறந்த கலப்பை மறுபடி மென்கரும்போடு சேர்க்க வேண்டும். அதன் சந்ததியை மீண்டும் சேர்க்க வேண்டும். ஜாவாவில் டச்சுக்காரர்கள் இதற்கு மேன்மைப்படுத்துதல் என்ற பொருளில் ஒரு பெயர் வைத்து, அதை ஒரு சாஸ்திரமாகவே வளர்த்து, 1921-ல் பி.ஓ.ஜே. 2878 என்ற புகழ்பெற்ற கரும்பை உண்டாக்கினார்கள். இயற்கையும் இதற்கு ஓர் உபகாரம் செய்திருக்கிறது. மென்கரும்பின் உடலணுவில் 80 குரோமோசோம். கோயம்புத்தூர்க் காட்டுப்புல்லில் 64. பொதுவாக உயிர்களில் தாய் பாதியைத்தான் சந்ததிக்குக் கொடுப்பாள்; ஆனால் மென்கரும்பு தாயாக இருந்து காட்டுப்புல்லின் மகரந்தத்தை ஏற்கும்போது, பெரும்பாலும் தன் 80-ஐயும் முழுமையாகக் கொடுத்துவிடுகிறது, புல்லோ தன்னில் பாதியான 32-ஐ மட்டும் தருகிறது. அதனால் இனிப்பு விரைவில் மீள்கிறது. அதே காரணத்தால், நாம் எந்தக் குணத்துக்காகப் புல்லை நாடினோமோ அதுவும் விரைவில் கரைகிறது. எந்தத் தலைமுறையில் நிறுத்துவது என்பதற்குச் சூத்திரம் ஏதும் கிடையாது.

அமெரிக்காவின் லூயிஸியானா மாகாணத்தில் இந்தப் பிரச்சினையை வேறு கோணத்திலிருந்து பார்த்தார்கள். அங்கே ஒவ்வொரு குளிர்காலமும் கரும்பின் உயிருக்குக் கண்டம். 1920-களில் தேமல் நோயினால் அங்கே கரும்புத் தொழிலே ஒடிந்துபோனபோது, கைகொடுத்தவற்றுள் நம் கோ 281-ம் கோ 290-ம் உண்டு. பின்னாளில் அவர்கள் தாய்லாந்திலிருந்து வந்த யு.எஸ். 56-15-8 என்ற காட்டுப்புல்லைப் பிடித்துக்கொண்டு, அதன் சந்ததியை நான்கு முறை மென்மையான கரும்புகளோடு மீளக் கலந்து, 1993-ல் எல்.சி.பி. 85-384-ஐ வெளியிட்டார்கள். அந்த மாகாணத்தின் கரும்பு நிலத்தில் பெரும்பகுதியை அது பிடித்துக்கொண்டது. பிறகு துருநோய்க்கு இரையாயிற்று. இந்தப் பாட்டு எங்கள் பக்கத்திலும் கேட்கப்போவதால் அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஒரு தாவரத்தின் அழகையும் பெற்றோர் என்ற முறையில் அதன் மதிப்பையும் ஒன்றாக எண்ணிவிடுவது இளம் ஆராய்ச்சியாளர்களின் சுபாவம். எங்கள் தோட்டத்தில் குளிரை அற்புதமாகத் தாங்கிய காட்டுப்புல் வகை ஒன்று இருந்தது. ஹரியானாவில் எங்கள் நிலையத்தின் கிளை இருக்கிற கர்னாலுக்கு அனுப்பிப் பார்த்ததில் பனியில் இலைநுனிகூடக் கருகவில்லை. அதன் பிள்ளைகள் எல்லாம் தாயின் இனிப்பையும் கொள்ளாமல் தகப்பனின் உறுதியையும் கொள்ளாமல் நடுவே நின்றன. அதற்குப் பக்கத்துப் பாத்தியில், யாரும் திரும்பிப் பார்க்காத, நோஞ்சானாக நின்ற வேறொரு வகையின் பேரப்பிள்ளைகளில்தான் எங்களுக்கு வேண்டியது வந்தது. பெற்றோரின் மதிப்பு மகனிடத்தில் தெரியாது, பேரனிடத்தில் தெரியும். ஒரு கலப்பு செய்து, நாற்றெடுத்து, தேர்ந்து, மறுகலப்புச் செய்து, அதன் சந்ததியையும் வடக்கே இரண்டு மூன்று குளிர்காலம் பார்த்து முடிப்பதற்குள் ஒருவனுடைய தலை நரைத்துவிடும். ஒரு சாதியை விதையிலிருந்து விவசாயியிடம் சேர்ப்பதற்குப் பன்னிரண்டு, பதினான்கு ஆண்டு என்பது எங்கள் சாதாரணக் கணக்கு. காட்டுப்புல்லிலிருந்து தொடங்கினால் அதற்கு இரட்டிப்பு.

கர்னாலுக்கு நான் முதன்முதலில் போனது ஒரு தை மாதம். நிலையத்தின் கிளை அங்கே 1932 முதல் இருந்துவருகிறது. காகிதத்தில் குளிர் என்று நான் எழுதிவந்தது என்ன என்பது அங்கே விடியலில் வயலுக்குள் காலை வைத்தபோதுதான் எனக்கு விளங்கியது. பூஜ்யத்துக்குக் கீழே இரண்டு மூன்று டிகிரி இறங்கினால் குருத்து சாகும். இன்னும் இறங்கினால் தண்டுக்குள்ளிருக்கும் நீர் உறைந்து திசுக்கள் வெடிக்கும். பிறகு வெயில் வந்ததும் அந்த வெடிப்பில் கிருமி புகுந்து சாறு புளிக்கும், சர்க்கரை உடைந்து வெல்லத்துக்கும் ஆகாமல் போகும். இந்தப் பெரிய சேதத்தைத்தான் நாங்கள் தெற்கே இருந்துகொண்டு அஞ்சினோம். அங்கே விவசாயி அஞ்சியது வேறு. ஆலை கார்த்திகையிலிருந்து பங்குனிவரை அரைக்கிறது. அதனால் மார்கழி, தை மாதங்களிலும் கரும்பை வெட்டித்தான் ஆக வேண்டும். அப்பொழுது வெட்டிய கட்டை, மண்ணின் உஷ்ணம் பத்துப் பன்னிரண்டு டிகிரிக்குக் கீழே இருப்பதால், துளிர்க்காமல் உறங்கி, உறக்கத்திலேயே அழுகிவிடுகிறது. கட்டையிலிருந்து எழும் மறுதாம்பு போயிற்றென்றால் அவனுக்கு லாபம் போயிற்று. தலைப்பாகை கட்டிய பெரியவர் ஒருவர் தம் வயலில் தோகையைப் பரப்பி, இரவில் கிணற்று நீரைப் பாய்ச்சிக் கட்டைகளைக் காத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "டாக்டர் சாஹிப், உங்கள் ஊரில் கரும்பு சாகிறதா என்று பார்க்கிறீர்கள், எங்கள் ஊரில் அது எழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்" என்ற பொருள்பட இந்தியில் சொன்னார். அதன் பின் நாங்கள் எழுதிய சோதனைக் குறிப்புகளில், பனிச்சேதத்துக்கு ஒரு பத்தி என்றால், தை மாதத்தில் வெட்டிய கட்டையில் எத்தனை பரு துளிர்த்தது என்பதற்கு இரண்டு பத்தி ஒதுக்கினோம்.

காட்டுப்புல்லைத் தேடிப் போகிற பயணங்கள் சுதந்திர காலம் முதல் நடந்துவருகின்றன. வடகிழக்கில் அருணாசலத்தின் மலைச்சரிவுகளுக்கு எங்கள் குழுவினர் போனபோது நானும் ஒருமுறை சேர்ந்துகொண்டேன். ஆற்றோரத்தில் ஆளுயரம் வளர்ந்திருக்கும். அதே புல் மேலே ஏற ஏறக் குட்டையாகி, இலை சுருங்கி, பாறையிடுக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். இரண்டு மூன்று கணுவுள்ள கரணைகளை ஈரப்பாசியில் சுற்றிக் கட்டி, ஜீப்பிலும் ரயிலிலுமாகக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் பாதி காய்ந்துவிடும். பிழைத்தவை, சேகரித்த ஆண்டோடு ஐஎன்டி என்ற எழுத்துகளைத் தாங்கிய எண் பெற்று எங்கள் மூலவகைத் தோட்டத்தில் குடியேறும். இவற்றைக் கோயம்புத்தூரில் கலக்கப்போனால் புதிதாக ஒரு தடை எழுந்தது. வடக்கத்திப் புல் ஆடி, ஆவணியிலேயே பூத்து முடித்துவிடுகிறது. மென்கரும்போ ஐப்பசிக்கு முன் பூப்பதில்லை. மகரந்தத்தைச் சேர்த்து வைக்கவும் வழியில்லை. ஆகவே புல்வரிசைகளின் மேலே மின்விளக்குகளைத் தொங்கவிட்டு, நடு இரவில் சிறிது நேரம் எரியவிட்டு, இரவு நீளவில்லை என்று அதை நம்பவைத்துப் பூப்பதைத் தள்ளிப்போட்டோம். வாய்க்காலோரத்துப் புல்லை இரவில் விளக்கேற்றிக் காப்பாற்றுகிற உத்தியோகஸ்தர்களைப் பற்றி ஊரில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை.

மலைமேல் சேகரித்ததுதான் குளிருக்கு உதவும் என்ற நம்பிக்கை எங்களுள் பலருக்கு இருந்தது. பெருமளவுக்கு அது சரி. ஆயினும் கோ 205-க்குத் தகப்பனான புல், பனித்துளியைத் தவிர வேறு பனியைக் காணாத கோயம்புத்தூர்ப் புல் என்பதை நான் சபைகளில் அடிக்கடி நினைவுபடுத்துவது வழக்கம். வறட்சியையும் உவர்மண்ணையும் வெள்ளத்தையும் தாங்கிப் பழகிய உடம்பு, குளிரையும் ஓரளவு தாங்குகிறது. உயிரணுவிலிருந்து நீர் வெளியேறுவது என்ற அளவில் வறட்சியும் உறைபனியும் நெருங்கிய உறவு. இப்பொழுது நம் அடையாற்றங்கரையில் ஜாபர்கான்பேட்டைப் பக்கம் மழைக்காலத்துக்குப் பின் வெண்கதிர் வீசி நிற்கிற நாணல்களையும் என்னால் அலட்சியமாகக் கடந்துபோக முடிவதில்லை.

கர்னாலில் இருந்த நாட்களில் விடுமுறையில் ஒருமுறை குமாவூன் மலைகளுக்குப் போனேன். அங்கே வீட்டுக் கொல்லைகளில் ஆளுயரத்துக்குப் பாங்கு என்கிற கஞ்சாச் செடி வளர்ந்திருந்தது; பட்டையை உரித்து நாரெடுத்துக் கயிறும் சாக்கும் செய்கிறார்கள், விதையை வறுத்துத் துவையல் அரைக்கிறார்கள். நம் ஊரில் அந்தச் செடியின் பெயரைச் சொன்னால் போலீஸ் ஸ்டேஷன்தான் நினைவுக்கு வரும். 1985-ம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டமோ, பூங்கொத்தைத் தடுத்தாலும், நாருக்கும் விதைக்கும் பயிரிடச் சர்க்கார் அனுமதி தரலாம் என்று வழி விட்டிருக்கிறது. உத்தராகண்டம் 2018-ல் அந்த வழியில் உரிமம் கொடுக்கத் தொடங்கியது. அன்று நான் கண்ட துவையலின் ருசியைவிட, அந்தச் செடியின் வடதேசத்துச் சகோதரனைப் பற்றிப் பின்னர் படித்ததே எனக்கு அதிகம் பயன்பட்டது. 1924-ல் ருஷ்யாவின் வால்கா நதிப் பிரதேசத்தில் ஜானிஷேவ்ஸ்கி என்பவர், பாழ்நிலங்களில் முழங்கால் உயரமே வளர்ந்து, முளைத்த சில வாரங்களிலேயே பூத்து, விதையை உதிர்த்துவிடுகிற சணல் வகையொன்றை விவரித்தார். அதைத் தனி இனமாகக் கொள்ளலாமா, ஒரே இனத்தின் பேதமா என்பதில் இன்றுவரை தாவரவியலாருக்குள் வழக்கு. 1976-ல் ஸ்மால், கிரான்க்விஸ்ட் என்ற இருவர் எல்லாம் ஒன்றே என்று வகுத்தார்கள். வளர்ப்பவனுக்கு அந்த வழக்கு முக்கியமல்ல. மற்ற சணல் பகல் குறுகும்வரை காத்திருந்து பூக்கிறது. வடக்கே அதற்குள் பனி வந்துவிடுகிறது. இந்தக் குள்ளனோ பகலின் நீளத்தைப் பார்ப்பதேயில்லை, வயதைப் பார்த்துப் பூக்கிறது.

குளிர் தாங்குவது என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு வேறு காரியங்கள் அடங்கியிருக்கின்றன என்பதை எனக்குத் தெளிவாக்கியது அந்தச் சணல்தான். அது குளிரை எதிர்த்து நிற்பதைக் காட்டிலும், அது வருமுன் தன் வேலையை முடித்துக்கொண்டு விதையாகி மண்ணுக்குள் ஒளிகிறது. பத்துப் பன்னிரண்டு மாதப் பயிரான கரும்புக்கு அப்படி ஓடித் தப்ப வழியில்லை. நின்றுதான் அனுபவிக்க வேண்டும். ஆயினும் இனக்கலப்பில் இரண்டும் ஒரே பாடத்தைச் சொல்கின்றன. அந்தக் குள்ளச் சணலை உயர்ந்த வகையோடு கலந்தால், முதல் தலைமுறையில் அந்த அவசரப் பூப்பு பெரும்பாலும் மறைந்துபோகிறது. அடுத்த தலைமுறையில்தான் சிலவற்றில் மறுபடி தலைகாட்டுகிறது. அதற்குள் விளைச்சலும் வீரியமும் குன்றியிருக்கும், அதை மீட்க மறுகலப்பு வேண்டும். பின்லாந்தில் 1990-களில் பினோலா என்ற எண்ணெய்ச் சணலை உண்டாக்கியவர்கள், லெனின்கிராடில் வாவிலோவ் நிறுவனம் காத்துவைத்திருந்த வட ருஷ்ய விதைகளிலிருந்துதான் ஆரம்பித்தார்கள். விதை சேர்ப்பதையே தவமாகக் கொண்ட அந்த வாவிலோவ், 1943-ல் சரதோவ் சிறையில் மாண்டார். அவர் சேர்த்த விதைகள் யுத்தகாலத்து லெனின்கிராட் முற்றுகையில் பட்டினி கிடந்த சகாக்களால் காப்பாற்றப்பட்டன.

காட்டுச் செடியின் குளிர் தாங்கும் குணத்தைப் பயிருக்குக் கொண்டுவரும் இதே காரியத்தை உருளைக்கிழங்கில் செய்தவர் நம் கும்பகோணத்துக்காரர். எம்.எஸ். சுவாமிநாதன் 1950-களின் தொடக்கத்தில் விஸ்கான்சினில் இருந்தபோது, ஆண்டிஸ் மலையின் உச்சிகளில் வளரும் சொலானம் அகாலே என்ற காட்டுக் கிழங்கின் உறைபனி எதிர்ப்பைப் பயிர்க்கிழங்குக்குக் கொண்டுவர முயன்று, அலாஸ்கா ஃப்ராஸ்ட்லெஸ் என்ற வகைக்கு வழிசெய்தார். பிற்காலத்தில் கோதுமையும் நெல்லும் அவருக்குத் தந்த கீர்த்தியில் இந்த ஆரம்ப வேலை மறைந்துவிட்டது. தரமணியிலுள்ள அவருடைய நிறுவனத்துக்கு நான் போகும்போதெல்லாம் அங்குள்ள இளைஞர்களிடம் இதைச் சொல்வேன். அவர்கள் மரியாதைக்குக் கேட்டுக்கொள்வார்கள்.

என் காலத்துக்குப் பின் தொழில் மிகவும் மாறிவிட்டது. அருணாசலத்திலிருந்து வந்த ஐஎன்டி 00-1037 என்ற காட்டுப்புல்லைக் குளிர் அறையில் வைத்து, எந்தெந்த மரபணு எப்பொழுது விழிக்கிறது என்பதை இன்று கோயம்புத்தூரிலேயே வாசிக்கிறார்கள். பேரனைப் பார்க்கும்வரை காத்திருக்காமல், நாற்றின் இலைத்துணுக்கிலேயே சிலவற்றை அறிந்துகொள்ளலாம் என்கிறார்கள். எனக்கு இதில் அவநம்பிக்கை இல்லை. ஆனால் குளிர் அறையின் குளிர் சீரானது. கர்னால் குளிர் இரவில் உறையவைத்து, பகலில் இளக்கி, நடுவே மூடுபனியால் பத்து நாள் வெயிலை மறைத்து, பிறகு திடீரென்று மேற்குக் காற்றை ஏவிவிடும். அந்த ஒழுங்கின்மையைத் தாங்குவது வேறு.

கர்னாலில் தேர்ந்தெடுக்கப்பட்டு 2009-ல் வெளியான கோ 0238-ஐப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையை முடிக்க இயலாது. வடநாட்டுக் கரும்பு மெலிந்திருக்கும், சர்க்கரை குறைந்திருக்கும் என்று நூறாண்டாகச் சொல்லிவந்த வார்த்தையை அது பொய்யாக்கிற்று. உத்தரப்பிரதேசத்தின் கரும்பு நிலத்தில் பெரும்பகுதியில் அதுவே நின்றது. சணலுக்கும் கரும்புக்கும் உள்ள மற்றொரு பேதம் அங்கே வெளிப்பட்டது. சணல் ஒவ்வோர் ஆண்டும் விதையிலிருந்து, ஒன்றுக்கொன்று சற்றே வேறுபட்டு வருகிறது. கரும்போ கரணையிலிருந்து வருவதால், லட்சக்கணக்கான ஏக்கரில் நிற்பதும் ஒரே செடிதான். செவ்வழுகல் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்துவிட்டால் எல்லா வயலுக்கும் வழி கண்டுபிடித்ததாகும். 1930-களின் இறுதியில் கோ 213-க்கு கிழக்கு உத்தரப்பிரதேசத்திலும் பீகாரிலும் நேர்ந்தது அதுவே. கோ 0238-க்கும் சில ஆண்டுகளுக்கு முன் அதுவே நேர்ந்தது. பனியைத் தாங்கியது, பூஞ்சைக்குத் தோற்றது. இப்பொழுது கோ 0118, கோ.எல்.கே. 14201, கோ 15023 என்று பலவற்றைப் பக்கம் பக்கமாக நடச் சொல்கிறார்கள். நல்ல யோசனை, நூறாண்டு தாமதமானது.

எங்கள் தோட்டத்தில் இருக்கிற மூலவகைகளை ஆண்டுதோறும் வெட்டி மறுபடி நட்டுத்தான் காக்க வேண்டும். விதையாக வைத்தால் குணம் மாறிவிடும். வெறும் புல்லுக்கு இத்தனை நிலமும் கூலியும் எதற்கு என்ற கேள்வியைக் கணக்குப் பார்ப்பவர்கள் என் காலத்திலும் கேட்டார்கள், இப்பொழுதும் கேட்பார்கள் என்று எண்ணுகிறேன். அந்தத் தலைப்பாகைப் பெரியவர் காலமாகிவிட்டார். அவருடைய மகன் இன்னும் வருஷத்துக்கு ஒருமுறை எனக்குப் போன் செய்கிறார். இந்த ஆண்டு எதை நடலாம் என்று கேட்டார். எந்த மாதத்தில் வெட்டப்போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்டேன். ஜனவரியில்தான் ஆலை சீட்டு வரும் என்றார். அப்படியானால் சர்க்கரை எவ்வளவு என்று யாரிடமும் கேட்காதீர்கள், சென்ற ஜனவரியில் வெட்டிய வயல் பிப்ரவரியில் எப்படி இருந்தது என்று பக்கத்து ஊரில் போய்ப் பார்த்துவிட்டு நடுங்கள் என்றேன்.